மலை சொன்ன சொல்

"வாரேன்" என்று சொல்லித்தான் என் கணவர் அன்று ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினார். திரும்பி வந்தது உடல்தான். இன்று செல்லூர் அச்சகத்தில், நடக்கும் மலையைப் பற்றிய அவர் நாவலின் பதினான்காம் பதிப்பு, மெய்ப்புத் தாளாகச் சூடு ஆறாமல் என் முன்னே மேசையில் கிடக்கிறது. பக்கத்துத் தறிச் சத்தத்தில் மேசை நடுங்குகிறது. மலை ஊரைவிட்டுக் கிளம்பும் கடைசி வரியில் வேலைக்குப் புதிதாய் வந்த மெய்ப்பாளர் தமிழ்மாறனின் சிவப்புப் பேனா நிற்கிறது. "அம்மா, மலை திரும்பவே இல்லையே. 'போறேன்'னு மாத்திரவா?" "இதைத்தான் மூணு பதிப்பகத்துல கேட்டாங்க தம்பி. மூணு தடவையும் கைப்பிரதியை வாங்கிட்டு வந்துட்டாரு. மலையாவே இருந்தாலும் நம்மூருல போறேன்னு சொல்லிக் கிளம்புமா?" தமிழ்மாறன் சிரித்துக்கொண்டே பேனாவை மூடுகிறார். சன்னல் வெயில் தாளில் விழுகிறது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், கடைசிச் சொல்: வாரேன்.