பேஸ்மென்றில் தோட்டா

“உதென்ன, புது மொடல் இடியப்ப உரலோ?”

கேட்டுக்கொண்டே சிவபாதம் மேசையில் பூட்டியிருந்த மெஷினின் கைப்பிடியை இழுத்தார்.

வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸைப் பார்க்கவென்று பேஸ்மென்றுக்கு இறங்கி வந்தவர். கதவு தட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை. வீடு அவருடையது, கதவும் அவருடையது, பிறகென்ன தட்டுவது?

“ஐயோ அண்ணை, கையை எடுங்கோ! அது தோட்டா நிரப்பிற மெஷின்,” என்று பதறினார் அமிர்தநாதர். பேஸ்மென்றில் குடும்பத்தோடு வாடகைக்கு இருப்பவர்.

சிவபாதத்தின் கை சுட்டதுபோல் விலகியது.

“என்ன மெஷின்?”

“தோட்டா அண்ணை. மான் வேட்டைக்கு. ஒஷாவாவில ஒரு கிளப்பில பழகினனான். வெடிச்ச தோட்டாக் கோதை எறியாமல், திரும்ப வெடிமருந்தும் ஈயச் சன்னமும் போட்டால் காசு மிச்சம்.”

“மிச்சம்!” என்றாள் அடுப்படியில் நின்ற அவர் மனைவி வேரோனிக்கா. “உந்த மெஷினும் சாமானும் வாங்கின காசுக்கு மானையே வாங்கிக் கட்டி வளர்த்திருக்கலாம்.”

அமிர்தநாதர் அசடு வழியச் சிரித்தார். சிவபாதம் சிரிக்கவில்லை.

“ஷெல்லுக்கும் துவக்குக்கும் பயந்து கடல் தாண்டி வந்த சனம் நாங்கள். நீர் என்ர வீட்டுக்குள்ளயே தோட்டா செய்யிறீரோ?”

“எல்லாம் சட்டப்படிதான் அண்ணை. லைசென்ஸ் இருக்கு. மருந்தையும் பெட்டிக்குள்ள பூட்டித்தான் வச்சிருக்கிறன்.”

“மேல நானும் மனிசியும் படுக்கிறம், கீழ வெடிமருந்து! காசு மிச்சம் பிடிக்கிறதுக்காக மற்றவன்ர உயிரோட விளையாடலாமோ? மனச்சாட்சி வேண்டாமோ?”

கையை ஆட்டி ஆட்டிப் பேசியதில், தாழ்ந்த சீலிங்கில் இருந்த புகை அலாரத்தில் கை இடித்தது. அது கத்தவில்லை. கீழே மீன் பொரிக்கும்போதெல்லாம் அலறித் தன் நித்திரையைக் கெடுக்கிறதென்று, பற்றரியை அவரே கழற்றி வைத்திருந்தார்.

“இந்த மாதக் கடைசியோட நீங்கள் வீட்டை விட்டு எழும்பவேணும்.”

வேரோனிக்கா அகப்பையோடு ஓடி வந்தாள். பகிடியெல்லாம் போய்விட்டது.

“இந்தக் குளிருக்கை பிள்ளையளோட எங்க அண்ணை போறது? ஸ்காபரோவில இந்த வாடகைக்குக் கோழிக்கூடும் கிடையாது.”

“மெஷினை நாளைக்கே வித்துப்போடுறன் அண்ணை,” என்றார் அமிர்தநாதர். ஆசையாய்ப் பழகிய வேலை. ஆனால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தெருவில் நிற்க முடியுமா?

கெஞ்சக் கெஞ்ச சிவபாதத்துக்கு நீதி ஏறியது.

“ஒண்டும் விக்க வேண்டாம். இப்பவே பயர் டிப்பார்ட்மென்றுக்கு அடிக்கிறன். அவை வந்து பாக்கட்டும். சட்டமெண்டால் சட்டம்! யோகராணி, என்ர போனைக் கொண்டு வாரும்!”

பேஸ்மென்றிலிருந்து வெளியே போக இருப்பது ஒரே ஒரு படிக்கட்டு. அதுவும் சிவபாதத்தின் குசினிக்குள்தான் ஏறும். அங்கே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி யோகராணி போனோடு இறங்கி வந்தார்.

மெஷினைப் பார்த்தார். ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் வரிசையாய்ப் போட்டிருந்த பிள்ளைகளின் மெத்தைகளைப் பார்த்தார். பூனைகூட யோசித்துத்தான் நுழையும் அந்த ஒற்றை ஜன்னலையும் பார்த்தார். போனைப் பின்னுக்கு மறைத்துக்கொண்டார்.

“தாருமப்பா போனை!”

“உங்களுக்கென்ன விசரே? பயர்காரர் வந்தால் உந்த மெஷினையோ பாக்கப் போகினம்? பெர்மிற்றும் எடுக்காமல், தப்பி ஓட ரெண்டாவது வாசலும் வைக்காமல், காசு மிச்சம் பிடிச்சு நீங்கள் கட்டின பேஸ்மென்றையெல்லோ பாப்பினம்!”

“மெல்லக் கதையும்,” என்றார் சிவபாதம். அவருடைய குரலும் மெல்லத்தான் வந்தது.

“ஏன் மெல்லக் கதைக்கவேணும்? இந்த வீட்டில சட்டப்படி இருக்கிறது அந்தத் தோட்டா மெஷின் ஒண்டுதான்!”