வெளியே போய்வந்த ஆயில்

மலையடிவாரத்தில் ஒரு பழைய கார் இருந்ததாம். மலையேறும்போதெல்லாம் ஏழாவது வளைவில் அதன் இன்ஜின் கொதித்து நின்றுவிடும். அதற்கு மேலே என்ன இருக்கிறதென்று இன்ஜினுக்குத் தெரியவே தெரியாது.

ஒருநாள் மெக்கானிக் ஜெபராஜ் காரின் முகப்பில், காற்றுப் படும் இடத்தில், ஒரு ஆயில் கூலரை மாட்டினார். இரண்டு ஹோஸ் குழாய்களால் அதை இன்ஜினோடு இணைத்தார். இனிமேல் ஆயில் வெளியே போய், சூடு ஆறித் திரும்பி வர வேண்டும்.

இன்ஜினுக்குப் பகீரென்றது. "போகாதே தம்பி. நீ இல்லாம ஒரு நிமிஷம் ஓடினாலும் நான் இறுகிச் செத்துடுவேன்."

"மொத்தமா போகலண்ணே. கொஞ்சம் கொஞ்சமா போயிட்டு வரேன்," என்றது ஆயில்.

கார் மலையேறத் தொடங்கியது. போன ஆயில் சூடு தணிந்து திரும்பி வந்தது.

"வந்துட்டியா? வெளியே என்னடா இருக்கு?"

"காத்துண்ணே. எதிரே ஓடி வந்து மூஞ்சியில மோதுது."

"யாரு அனுப்புறா அதை?"

"நீங்கதாண்ணே. நீங்க இழுக்கிற வேகத்துலதான் அது அப்படி அடிக்குது."

இத்தனை வருஷமும் அந்தக் காற்று, இன்ஜின் பார்க்காமலே அதன் முன்னால் வீசிக்கொண்டிருந்திருக்கிறது.

ஏழாவது வளைவு வந்தது. கார் நிற்காமல் அதைத் தாண்டியது.

"அண்ணே, மேகத்துக்குள்ள போறோம்," என்றது திரும்பி வந்த ஆயில்.

இன்ஜின் இன்னும் கொஞ்சம் வேகமாக இழுத்தது. பிறகு மெதுவாகச் சொன்னது:

"மறுபடியும் போ தம்பி. நல்லாப் பார்த்துட்டு வந்து சொல்லு."