கை ஆடின படம்

"ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலு கண்ணு இருக்கு. நம்பிக்கை இல்லேன்னா நீங்களே எண்ணிப் பாருங்க!"

தலைமையாசிரியை உறையை மேசைமேல் கவிழ்த்தார். பள்ளியில் வகுப்பு வாரியாக எடுத்த குழுப் படங்கள், பெரிய அளவில் பிரிண்ட் போட்டவை, மொத்தம் பதினாறு. பாதிப் படங்களில் பிள்ளைகளின் சட்டைப் பொத்தானைக்கூட எண்ணிவிடலாம். மீதிப் பாதியில் எல்லாரும் தண்ணீருக்கு அடியில் நிற்பது போல் தெரிந்தார்கள்.

தம்பி ஒரு படத்தைக்கூடக் கையில் எடுக்கவில்லை. நேராக அக்காவைத்தான் பார்த்தான்.

அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்தும் ஸ்டுடியோ அது. இரண்டு பேரிடமும் ஒரே மாதிரிக் கேமரா. பள்ளிக்கூடச் சுவரின் இந்தக் கோடியில் தம்பி, அந்தக் கோடியில் அக்கா என்று நின்று, எந்த வகுப்பு வந்ததோ அதை எடுத்துத் தள்ளினார்கள். யார் எந்த வகுப்பை எடுத்தார்கள் என்று இருவருக்குமே நினைவில்லை. ஆனால் தம்பிக்கு அதில் சந்தேகம் வரவே இல்லை. அக்காவுக்கு ஒரு வருஷமாகக் கை நடுக்கம். டீயைக் கொடுத்தால் பாதி சாசருக்குப் போய்விடும்.

"தலைபாடா அடிச்சுக்கிட்டேன் மேடம். கை ஆடுது, கேமராவைத் தொடாதேன்னு. கேட்டாத்தானே?"

"கை ஆடினா ஆடிட்டுப் போகட்டும். என் கண்ணு ஆடலையே" என்றாள் அக்கா.

"அன்னைக்கே கேமராத் திரையில பாத்தப்ப நல்லாத்தான இருந்துது?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"அந்தக் குட்டித் திரையில எல்லாப் படமும் நல்லாத்தான் இருக்கும் மேடம். இவ்ளோ பெருசாப் போடும்போதுதான் வண்டவாளம் தெரியும்" என்றான் தம்பி. "கவலைப்படாதீங்க. கம்ப்யூட்டர்ல போட்டுக் கூர்மையாக்கித் தர்றேன்."

அக்கா சிரித்துவிட்டாள். "ஆடின படத்தைக் கூர்மையாக்கினா ஆட்டம்தான்டா இன்னும் கூர்மையாத் தெரியும். நாலு கண்ணும் பளிச்சுன்னு முழிக்கும். அவங்களை ஏமாத்தாதே. மறுபடி போய் எடுக்கறதுதான் நியாயம்."

சொன்னது சரிதான். அதுவே தம்பிக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. தப்பு செய்தவள் தலையைக் குனிய வேண்டாமா? இவள் என்னவோ பரிசு வாங்க வந்தவள் மாதிரி நிமிர்ந்து நிற்கிறாளே!

"மறுபடி நான் போய் எடுக்கறேன். நீ நாளையிலேருந்து கவுண்டர்ல உக்காந்து படத்தை உறையில போடு. கேமரா வேண்டாம்."

"உறையில போடறதுக்கா முப்பது வருஷம் இங்க நின்னேன்? தர மாட்டேன்."

அக்கா தன் கேமராவை எடுத்து வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். மாட்டும்போது விரல்கள் படபடவென்று ஆடின. அதை அவள் மறைக்கவுமில்லை.

"பாத்தீங்களா மேடம், பாத்தீங்களா?" என்றான் தம்பி. "அக்கா, உனக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன். ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிச்ச முகமாப் பாத்து எடுத்துக்கறேன்."

தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உங்க வீட்டுச் சண்டையை அப்புறம் வெச்சுக்குங்க. யார் எடுத்தது நல்லா வந்திருக்கோ அவங்க மட்டும் வந்தாப் போதும். இன்னொருத்தர் எங்க பள்ளிக்கூடத்துப் பக்கமே வர வேண்டாம்."

தம்பிக்கு வாயெல்லாம் பல். ஒரு தாளை இழுத்து வைத்து, சொல்லிக்கொண்டே எழுதினான். "மங்கலாப் படம் எடுத்தவங்க இனிமே இந்தக் கடையில கேமராவைத் தொடக் கூடாது. போதுமா மேடம்?"

"பெரிய எழுத்தா எழுதிச் சுவத்துல ஒட்டு" என்றாள் அக்கா.

இத்தனைக்கும் அவள் குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. தம்பிக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. இருந்தாலும் தொழில் என்று வந்தபிறகு அக்கா என்ன, தங்கை என்ன? மூலையில் சாத்தியிருந்த மூன்று கால் ஸ்டாண்டைப் பார்த்தான். கடையில் இருப்பது அது ஒன்றுதான். ஸ்டாண்டு என்பது கையில் திடமில்லாதவர்களுக்கு என்பது அவன் கட்சி. அன்று பள்ளிக்கூடத்தில்கூட எல்லார் முன்னாலும் அதை அக்கா பக்கம் தள்ளி, "இதையாவது பிடிச்சுக்கிட்டு நில்லு" என்று கிண்டல் செய்திருந்தான்.

"எந்தெந்தப் படம் மறுபடி எடுக்கணும் மேடம்?"

"பிரிண்டுக்குப் பின்னாடி, கேமரா ஒவ்வொரு படத்துக்கும் போடற நம்பர் அச்சாகியிருக்குல்ல? நல்லா இல்லாத எட்டையும் குறிச்சுட்டு வந்திருக்கேன். எழுதிக்குங்க." அவர் சீட்டைப் பிரித்துப் படித்தார். "மூவாயிரத்துப் பன்னெண்டு. மூவாயிரத்துப் பதினெட்டு. மூவாயிரத்து இருபத்தொண்ணு..."

தம்பியின் பேனா மூன்றாவது எண்ணில் நின்றுவிட்டது. அக்காவின் கேமராவில் எண்கள் ஏழாயிரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. மூவாயிரம் அவனுடையது.

மளமளவென்று எட்டுப் படங்களையும் புரட்டினான். ஒன்றுகூட ஏழில் தொடங்கவில்லை.

"உன் கைதானே ஆடுது!" என்றான், அழாத குறையாக.

"ஆடுதுன்னு தெரிஞ்சவ அந்தக் கையை நம்புவாளாடா?" என்றாள் அக்கா, நடுங்கும் கையை அவன் கேமராவை வாங்க நீட்டியபடி. "நீ தள்ளிவிட்ட ஸ்டாண்டுல கேமராவை மாட்டி, டைமரைத் தட்டிட்டு, ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு நின்னேன்."