ஒரு மூடி லிக்விட்

விடுப்பில் வந்த பாண்டிதுரை, ராஜபாளையத்து வீட்டில் முன்பக்கக் கதவு வைத்த வாஷிங் மெஷினை வாங்கி இறக்கிவிட்டு, காஷ்மீர் முகாமுக்குத் திரும்பினான். அவன் மனைவி வெள்ளத்தாய், கல்லில் துவைக்கும் பவுடரையே அதிலும் கைநிறைய அள்ளிப் போட்டாள். நுரை வாசல்வரை வழிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மெக்கானிக் நிஜாம் வந்தான். "இதுக்கு லிக்விட்தான்க்கா. ஒரு மூடி போதும். மொதல்ல துணியும் சோப்பும் போடாம, நுரை அடங்குற வரைக்கும் வெறுந்தண்ணியில ஓட விடுங்க."

கடையில் ஒவ்வொரு பாட்டிலாக முகர்ந்து பார்த்து, மல்லிகை வாசமுள்ளதை வாங்கி வந்தாள். ஆனால் நுரை அடங்கினால்தானே. வெறுந்தண்ணீரில் எத்தனை முறை ஓட்டினாலும் கண்ணாடிக்குப் பின்னே புதிதாகப் பொங்கியது. அதில் அவள் வீட்டில் வாங்காத ஏதோ சோப்பின் வாசம் அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, மெஷின் ஓடிக்கொண்டிருக்கையில் பாண்டிதுரை போனில் அலுத்துக்கொண்டான். "வாளியில எம்புட்டு சோப்பு போட்டாலும் நுரையே வரல. ஒரு வாரமா இப்படித்தான்."

"இப்பக் கொஞ்சம் போடுங்க, பாப்போம்."

அவன் போட்டான். இங்கே கண்ணாடிக்குள் நுரை ஏறியது.

வெள்ளத்தாய் மெஷினின் சோப்புத் தட்டை இழுத்து, ஒரு மூடி லிக்விட் ஊற்றினாள்.

"ஏட்டி, இப்ப வருது" என்றான். அவன் மூச்சை இழுத்து முகர்வது போனில் கேட்டது. "மல்லிப்பூ வாசம் அடிக்குது."

அவள் கண்ணாடியில் கை வைத்தாள். சித்திரை வெயிலில் அது பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது.