இருபத்தொன்பதாவது நாள்

“புருஷன்தான் கொன்னிருக்கான். இதுல என்ன சந்தேகம்?” என்று குரூப்பில் போட்டார் மூக்குக்கண்ணாடி.

அது அவர் பெயரில்லை. முகத்துக்குப் பதிலாக ஒரு கண்ணாடியின் படத்தை வைத்திருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர்.

குரூப்பின் பெயர் ‘விடாக்கண்டர்கள்’. போலீஸ் கைவிட்ட கொலைகளை வீட்டில் உட்கார்ந்தபடியே துப்புத் துலக்கும் நாற்பது பேர். இதுவரை ஒன்றைக்கூடத் துலக்கியதில்லை என்பது வேறு விஷயம்.

நடத்துபவர் மீட்டர்காரர். முப்பத்தைந்து வருஷம் வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் பல் தேய்த்ததும் குரூப்பைத்தான் திறப்பார். அவருக்குக் குட்மார்னிங் சொல்ல வேறு யாரும் இல்லை.

அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. ஒரு கேஸில் முப்பது நாள் புதுத் தகவல் வராவிட்டால், மூடிவிட்டு அடுத்த கொலைக்குப் போய்விட வேண்டும்.

தையல்காரம்மா கேஸை மட்டும் நாலு வருஷமாக மூட முடியவில்லை. தன் கடைக்குள்ளேயே கொலையாகிக் கிடந்தவர். லாரி டிரைவரான கணவரைப் போலீஸ் விசாரித்து விட்டுவிட்டது. விடாக்கண்டர்கள் விடவில்லை. பேப்பரில் வந்த அவர் படத்தில் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டதே மீட்டர்காரர்தான்.

ஒவ்வொரு முறையும் இருபத்தொன்பதாவது நாள், டாண் என்று புதுத் தகவல் ஒன்றோடு மூக்குக்கண்ணாடி வந்துவிடுவார்.

“அந்தம்மாவுக்கு இடின்னா பயம். மழை வந்தா கடையைச் சாத்திடுவாங்க. அன்னைக்கு அவ்வளவு மழை, ஏன் சாத்தலை? வந்து கூட்டிட்டுப் போறேன்னு புருஷன் சொல்லியிருப்பான்!”

அவ்வளவுதான். “பாவி!” “அவனைத் தூக்குல போடணும்!” என்று குரூப் பற்றிக்கொள்ளும். கேஸ் இன்னொரு மாதம் ஓடும்.

இந்த முறை ஒரு பல் டாக்டர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“அந்தம்மா கோணல் மாணலா வெட்டி வெப்பாங்களாம். துணி வீணான கடுப்புல கஸ்டமர் யாராவது போட்டிருப்பாங்க, ஹஹா.”

மூக்குக்கண்ணாடிக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது.

“யாரு சொன்னது? அவங்க இடதுகையால வெட்டுவாங்க. ஒரு நூல்கூடக் கோணாது. தெரியாம பேசாதீங்க!”

குரூப்பில் எல்லோரும் பழைய பேப்பர்களைப் புரட்டினார்கள். தையல்காரம்மா இடதுகைக்காரர் என்று எந்தப் பேப்பரிலும் வந்ததில்லை.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் பல் டாக்டர்.

மூக்குக்கண்ணாடி ஆன்லைனிலிருந்து மறைந்தார்.

“தலைவரே, கொலைகாரன் நம்ம கூடவே இருந்திருக்கான்!” என்று போட்டார் இன்னொருவர்.

மீட்டர்காரர் மூக்குக்கண்ணாடிக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். “உங்களை நேர்ல பார்க்கணும்.”

மறுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தார். இரண்டே நிமிஷத்தில் முகவரி வந்தது. கூடவே, “வாங்க சார்.”

“போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்” என்று குரூப்பில் வீரமாகப் போட்டுவிட்டார். திரும்பி வராவிட்டால் தேடுவதற்கு ஒரு ஆளாவது வேண்டுமே என்று போனில் இருந்த பெயர்களைத் தள்ளிப் பார்த்தார். கடைசி வரை தள்ளியும் யாரும் அகப்படவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

சலவைக்கடைக்கு மேலே மூன்றாவது மாடி. கதவு திறந்ததும் மீட்டர்காரர் ஓரடி பின்வாங்கினார். சிவப்பு வட்டம் போட்ட அதே முகம். கொஞ்சம் நரைத்திருந்தது.

“நீங்க... அந்தப் புருஷன்!”

“ஆமாங்க. உள்ள வாங்க. இந்த வீட்டுக்கு ஆள் வந்து ரொம்ப நாளாச்சு. மீட்டர் பார்க்கறவர்கூடக் கீழேயே பார்த்துட்டுப் போயிடறார்.”

ஒரு கட்டில், ஒரே ஒரு நாற்காலி. ஜன்னலோரம் ஒரு தையல் மெஷின், தூசி இல்லாமல்.

“உங்க மேல நீங்களே பழி போட்டீங்களா? நாலு வருஷமா?”

“ஆமா சார்.”

“அப்ப நீங்கதான்...”

“இல்லைங்க. அன்னைக்கு நான் இருநூறு மைலுக்கு அந்தப் பக்கம் லோடு இறக்கிட்டு இருந்தேன். அங்க போட்ட கையெழுத்தெல்லாம் போலீஸ் பார்த்தாச்சு. சாயந்திரம் வந்து கூட்டிட்டுப் போறேன்னு அவகிட்ட சொன்னது மட்டும் நிஜம். வர முடியல.”

தையல் மெஷின் மேல் இல்லாத தூசியைத் துண்டால் துடைத்தார்.

மீட்டர்காரரின் சட்டைப் பையில் போன் சிணுங்கியது. “தலைவரே, என்னாச்சு? அவன்தானா?” நாற்பது பேரும் காத்திருந்தார்கள்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. யாரென்றே தெரியாத ஒரு மனுஷனை நாலு வருஷமாகக் கூட்டம் சேர்த்துத் திட்டியிருக்கிறார்.

“பெரிய தப்புப் பண்ணிட்டோம். நீங்க இல்லைன்னு இப்பவே போட்டுடறேன். இனிமே உங்களை யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க.”

தட்டப் போனவரின் கையை டிரைவர் அவசரமாகப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம் சார். நான் இல்லைன்னு ஆயிட்டா, முப்பது நாள்ல கேஸை மூடிடுவீங்க. போலீஸ் மூடிட்டாங்க. அவ கூடப்பொறந்தவங்களும் மறந்துட்டாங்க. அவளைப் பத்திப் பேச உங்க குரூப்பை விட்டா எனக்கு வேற இடம் இல்லை. இன்னும் என்மேலதான் சந்தேகம்னே போட்டுடுங்க சார்.”