கோட்டுக்கு அந்தப் பக்கம்
மேற்குத் தாம்பரத்துக் காலனியின் வரைபடம் குடியிருப்போர் சங்கக் கூடத்துச் சுவரில் ஒளிர்கிறது. வீடுகளில் வெள்ளம் புகுவதற்குக் கால்வாயோரக் குடிசைகளே காரணம் என்று காட்டத்தான் சங்கத்தார் டீச்சர் ஜீவிதாவிடம் இந்த வரைபட இணையப் பக்கத்தைச் செய்யச் சொன்னார்கள். இணையக் கருவியில் புதிதாக வந்திருக்கும், இரண்டு படங்களைப் பிரிக்கும் நடுக்கோட்டை அவள் மெல்ல இழுக்கிறாள். இன்றைய மாடிகள் விலக, பழைய செயற்கைக்கோள் படம் விரிகிறது. குடிசைகள் அன்றும் கரையிலேயே இருக்கின்றன. காலனி இருக்குமிடத்தில் ஏரி. அதன் நீலம் முன்வரிசை முகங்களில் படிகிறது. “அந்த ஸ்லைடரை மட்டும் எடுத்துடும்மா. நாளைக்கு கலெக்டர் ஆபீஸ்ல காட்டணும்,” என்கிறார் செயலாளர் யக்ஞநாராயணன், குரலை உயர்த்தாமல். “என் வீடும் அந்தத் தண்ணிக்குள்ளதான் சார் இருக்கு,” என்றபடி அவள் ‘பப்ளிஷ்’ பட்டனை அழுத்துகிறாள்.