கூரை மேல் ஒரு அதிகாரி

“இவன் சொன்னா புயலே பயந்து ஓடிடுது.”

ரொட்டிக் கடையில் எனக்கு முன்னால் நின்றவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மீன் விற்கும் அக்கா, மனாய் சோலிங் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே அவருக்குக் கொதிக்கும்.

‘இவன்’ என்றது டெல்ஃபினை. மழைமானி பார்க்கும் வேலையில் சேர்ந்து, வானிலை அதிகாரியாக உயர்ந்தவர். எங்கள் தீவின் டிவியில் தினமும் காலையில் வந்து காற்றையும் கடலையும் பற்றிப் பேசுவார்.

போன மாதம், பெரும்புயல் வருகிறது, வீட்டில் இருக்காதீர்கள் என்றார். தேவாலயத் திருவிழா நின்றது. விருந்துக்குச் சுட்ட பன்றியைப் பள்ளிக்கூடத் தரையில் முடங்கி உட்கார்ந்து தின்றோம். புயல் வடக்கே திரும்பிக் கடலோடு போய்விட்டது. இங்கே ஒரு வாழையிலை கிழியவில்லை.

மனாய் சோலிங் ஆட்களைத் திரட்டிக்கொண்டு மேயரிடம் போனார். முகத்தில் பவுடர் போட்டுக்கொண்டு ஊரைப் பயமுறுத்தத்தான் அரசாங்கம் சம்பளம் தருகிறதா என்று கேட்டார். டெல்ஃபினுக்கு டிவியில் பேசத் தடை வந்தது. கிடைக்க இருந்த பதவி உயர்வும் போனது. கடலுக்கு அப்பால் மாற்றிவிட்டார்கள்.

இப்போது மறுபடியும் ஒரு புயல். இதுவும் வடக்கே திரும்பிவிடும், நமக்கு லேசான மழைதான் என்று கடை டிவியில் ஒரு பெண் வாசித்துக்கொண்டிருந்தாள். வெளியே சுள்ளென்று வெயில்.

ரொட்டியோடு தெருவில் இறங்கினால், எதிரே தன் வீட்டுத் தகரக் கூரை மேல் டெல்ஃபின். காலைப் படகில் வந்திருக்க வேண்டும். அலுவலகச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கூரைக்குக் குறுக்கே தடித்த கயிற்றைப் போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பெரும்புயல் என்றால்தான் எங்கள் பக்கம் அப்படிக் கட்டுவார்கள்.

கூட்டம் சேர்ந்துவிட்டது.

“டிவியில காட்டின படம் போதாதா அண்ணே? கூரையேறி வேற காட்டணுமா?”

“புயல் திரும்பாதுங்கிறியா? வாயத் தொறந்து சொல்லேன்.”

அவர் முடிச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பேசக் கூடாதுன்னு உத்தரவு. கூரையைக் கட்டக் கூடாதுன்னு யாரும் சொல்லல.”

ரொட்டிக் கடைக்காரருக்கு ஆத்திரம் பொங்கியது.

“பாத்தீங்களா? ஊரு எக்கேடு கெட்டா என்ன, தன் தட்டுமுட்டுச் சாமானக் காப்பாத்தக் கடல் தாண்டி ஓடி வந்திருக்கான். இவனுக்கெல்லாம் சம்பளம்.”

ஆமாம், ஆமாம் என்றார்கள். எனக்கும் கோபமாகத்தான் இருந்தது. இன்னும் நாலு வார்த்தை சூடாக விழும் என்று மனாய் சோலிங்கைப் பார்த்தேன். அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சாமான்?” என்றார் மெதுவாக. “அது என் வீடு. வாடகைக்கு இருந்தான். மாத்தல் வந்ததும் காலி பண்ணிச் சாவியக் குடுத்துட்டான். உள்ள ஒரு நாற்காலிகூட இல்ல.”

டெல்ஃபின் அடுத்த கயிற்றை வீசினார். அதன் நுனி எங்கள் பக்கமாகத் தரையில் வந்து விழுந்தது.

மனாய் சோலிங் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போய், அதை எடுத்து இழுத்துப் பிடித்தார்.